நீ போட்ட கட்டை

குமரா,

கையில வண்டிச் சாவி இருந்தா முதல்ல அதைக் கீழே வை. நலம் நலமறிய ஆவல்னு ஆரம்பிக்க எனக்கு இப்ப பொறுமை இல்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, பூச்சோங்ல உன் அபார்ட்மெண்ட் கார் பார்க்ல, அந்தப் பழைய ஃபோர் வீல் வண்டிக்கு அடியில நீ படுக்கப் போறே. நீ கட்டிக்கப் போற ஷாலினி மேலே டிரைவர் சீட்டுல உட்காரப் போறா. அதுக்கு முன்னால இதை முழுசா படிச்சு முடி. பாதியில ஃபோனை மூடி வச்சேன்னா நான் பண்டமாரான்ல இருந்து கிளம்பி வந்து உன் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால உட்கார்ந்துடுவேன். உங்கம்மா செய்வாளா மாட்டாளான்னு உனக்கே தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பல. நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுவுலயே போடறேன். உங்க பெரியப்பா படிக்கட்டும், பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கிற உன் சித்தி படிக்கட்டும், தினமும் காலை வணக்கம் படம் மட்டும் அனுப்பறவங்களும் இன்னிக்கு ஒரு நாள் உட்கார்ந்து படிக்கட்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால உன்னைப் பத்தின பேச்சு எல்லார் காதுக்கும் போச்சு. திருத்தமும் எல்லார் காதுக்கும் போகணும். இன்னும் ஒரு மாசத்துல உனக்குக் கல்யாணம், இந்த நேரத்துல இது தேவையான்னு உன் சித்தி கேட்பா. இந்த நேரத்துலதான் தேவை.

புதன்கிழமை மத்தியானம் ஷாலினி எனக்கு ஃபோன் பண்ணா. "ஆன்டி, சனிக்கிழமை இவர் அடியில படுத்து அந்த டொக்கு டொக்கு சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கப் போறாராம். நான் மேலே உட்கார்ந்து ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ், டிரைவ்னு மாத்திக் கொடுக்கணுமாம். சின்ன லீவரை நியூட்ரல்ல போடணுமாம். நீங்க இதை முப்பது வருஷமா செஞ்சவங்களாச்சே, எனக்கு ஏதாவது டிப்ஸ் கொடுங்க ஆன்டி"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. பாவம், பெரிய வண்டி ஓட்டப் போற குஷி. குவா மூசாங் மலைக்கு உள்ளாற அவளுக்கு டீச்சர் வேலைக்கு ஸ்கூல் கிடைச்சிருக்கு, கடைசி பத்து மைல் மண் ரோடு, அதுக்காகத்தானே நீ இந்த வண்டியை வாங்கினே. நான், "சக்கரத்துக்கு முன்னால பின்னால கட்டை போட்டுட்டானான்னு பார்த்துட்டு அப்புறம் ஏறும்மா"ன்னேன். அவ சொன்னா: "கட்டை எல்லாம் வேணாம்னுட்டார் ஆன்டி. பார்க்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்தா போதுமாம்."

ஏன்மா அப்படிச் சொன்னான்னு கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னா: "அங்கிளுக்கு அடிபட்ட அன்னிக்கு இவர் கட்டை போட்டாராம் ஆன்டி. போட்டும் வண்டி அதைத் தள்ளிட்டு உருண்டுச்சாம். அதனால கட்டையை நம்பிப் பிரயோஜனம் இல்லங்கறார். ஆனா சில நேரம் அவருக்கே சந்தேகம் வந்துடுது. 'போட்டிருந்தா கட்டை உதவல, போடலைன்னா எங்கப்பா காலை நான்தான் உடைச்சேன், ரெண்டுல எதுன்னு இன்னும் தெரியல ஷாலு'ன்னு ஒரு தடவை அழுதார்." இதைச் சொல்லிட்டு அவ, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆன்டி"ன்னா. சொல்லிட்டேன். அவ மேல கோபப்படாதே. அவ வாயைத் திறந்ததாலதான் உனக்கு இந்தக் கடிதம் வருது.

உடனே உனக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, நான் ஒண்ணும் சின்னப் பையன் இல்ல லா, மீட்டிங்ல இருக்கேன்"னு வச்சிட்டே. சரி, வை. எழுத்தை வைக்க முடியாதுல்ல.

குழுவுல இருக்கிறவங்களுக்குப் புரியணும்னு ஒண்ணைச் சொல்லிடறேன், உனக்குத் தெரிஞ்சதுதான். ஃபோர் வீல் வண்டியில கியர்பாக்ஸுக்குப் பின்னால இன்னொரு பெட்டி இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ்னு பேரு. இஞ்சின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்பறது அதோட வேலை. அதுக்குத் தனியா ஒரு சின்ன லீவர். அந்த லீவரை நியூட்ரல்ல போட்டா கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற தொடர்பே அறுந்து போயிடும். அப்ப நீ பெரிய கியரைப் பார்க்ல போட்டாலும் ஒண்ணுதான், டிரைவ்ல போட்டாலும் ஒண்ணுதான். பார்க் வண்டியைப் பிடிக்காது. டாஷ்போர்டுல பார்க்னு விளக்கு அழகா எரியும், வண்டி பாட்டுக்கு உருளும். சத்தம் தேடறவங்க வேணும்னேதான் அப்படிப் போடுவாங்க. நியூட்ரல்ல போட்டும் டொக்குன்னா கோளாறு கியர்பாக்ஸ் பக்கம், சத்தம் நின்னுட்டா கோளாறு அதுக்குப் பின்னால. நல்ல வழிதான். ஆனா அந்த நேரத்துல வண்டியைப் பிடிச்சிருக்கிறது மூணே விஷயம்: ஹேண்ட் பிரேக், மேலே உட்கார்ந்தவ கால், சக்கரத்துக்கு முன்னால இருக்கிற கட்டை. உன் கார் பார்க் சரிவு எனக்குத் தெரியும்டா. நீ குடி போன அன்னிக்கு என் தண்ணி பாட்டில் உருண்டு தூண் வரைக்கும் போச்சே.

நான் இந்த சீட்டுல எப்படி உட்கார்ந்தேன்னு உனக்குச் சொன்னதில்ல. கல்யாணம் ஆகி பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து கிள்ளான் பக்கத்துல இந்தப் பண்டமாரானுக்கு வந்தப்ப எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. மாடியில வீடு, கீழே வொர்க்‌ஷாப், நாள் முழுக்க டீசல் வாடை. ஒரு நாள் உங்கப்பாகிட்ட வேலை செஞ்சவர் லீவு. உங்கப்பா கீழே இருந்து கத்தறார், "ஏய், இறங்கி வா, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியரை மாத்து!" புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறி உட்கார்ந்தேன். அடியில இருந்து "ரிவர்ஸ்! டிரைவ்! ரிவர்ஸ்!"னு ஒரே அதட்டல். அன்னிக்கு சாயந்திரம் அழுதேன். மறுநாள் நானே ஒரு சட்டம் போட்டேன்: "நீங்க கத்தக் கூடாது. ஸ்பேனரால தரைத் தகட்டை ரெண்டு தட்டு தட்டுங்க, நான் கியர் மாத்தறேன். மாத்தறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் நான் 'கால் இருக்கு'ன்னு சத்தமா சொல்வேன். அதைக் கேட்ட பிறகு நீங்க கையை உள்ளே விடுங்க." உங்கப்பா சிரிச்சார், ஆனா ஒத்துக்கிட்டார். அப்புறம் எத்தனை வருஷம்! ரெண்டு தட்டு, கால் இருக்கு, டொக். ரெண்டு தட்டு, கால் இருக்கு, டொக். நீ தொட்டில்ல இருந்தே கேட்ட தாலாட்டு அதுதான்.

கொஞ்சம் பெருமையும் அடிச்சுக்கறேன், இன்னிக்கு விட்டா எனக்குப் பெருமை பேச முகம் இருக்காது. காட்டு மரம் இழுக்கிற வண்டி ஒண்ணு வந்துச்சு. உங்கப்பா மூணு தடவை புரொப்பல்லர் ஷாஃப்ட், அதான் பெட்டியில இருந்து சக்கரத்துக்குப் போற தண்டு, அதோட ஜாயிண்டை மாத்தினார், ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரத்துல சத்தம் திரும்பி வந்துச்சு. "இது ஜாயிண்ட் இல்லீங்க, பெட்டிக்குள்ளேருந்து வருது"ன்னேன். "காதுல என்ன ஸ்கேன் மெஷினா வச்சிருக்கே"ன்னு நக்கல். காது இல்லடா, முதுகு. ஜாயிண்ட் தேஞ்சிருந்தா கியர் மாத்தறப்ப ஒரே ஒரு டொக், கூர்மையா, கால்ல தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே செயின் தளர்ந்திருந்தா ஃபோர் வீல்ல போட்டு மேடு ஏறும்போது கடக், கடக், கடக்னு அடுத்தடுத்து குதிக்கும், சீட்டோட நடு முதுகுல வந்து இடிக்கும். கடைசியில பிரிச்சார். ஆயில் ஈயப் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி சாம்பல் நிறத்துல மினுமினுன்னு ஊத்துச்சு. உள்ளே செயின் என் கழுத்துச் சங்கிலி மாதிரி தொங்குது. உங்கப்பா என்னைப் பார்த்தார், அன்னிக்கு மட்டும் தேத்தண்ணி அவரே கலக்கிக் கொண்டு வந்தார். அவருக்கு என் கால் மேலயும் என் முதுகு மேலயும் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில தான் அவர் அடியில படுத்தார்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன்.

ஆயுத பூஜை. உனக்குப் பத்தொன்பது வயசு. காப்பார் பக்கத்துல செம்பனைத் தோட்டம் வச்சிருந்தவரோட வண்டி, டொக்கு சத்தத்துக்கு வந்தது, ரெண்டு நாளா நம்மகிட்ட நிக்குது. அவர் பூஜைக்குள்ள வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். நீ காலையிலேயே வண்டியை ரோட்டைப் பார்க்க நிறுத்தி, ரெண்டு முன் சக்கரத்துக்கும் முன்னால கட்டை போட்டே. நம்ம வொர்க்‌ஷாப் தரை ரோட்டுப் பக்கம் சரிவு, மழைத் தண்ணி ஓடணும்னு அப்படிப் போட்டது. அதனால முன்னால கட்டை இல்லாம யாரும் அடியில போகக் கூடாதுங்கறது உங்கப்பாவோட சட்டம். நீ போட்டே குமரா. உன் செருப்புக் காலால ரெண்டு தடவை எத்தி இறுகியிருக்கான்னு பார்த்தே. நான் படியில நின்னு பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

உங்கப்பா வேலையை முடிச்சு எழுந்து கை கழுவினார். முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சேன். உன்னைக் கிள்ளான் டவுனுக்கு மாலை, வெத்தலை வாங்க அனுப்பினேன். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. வண்டிக்குப் பொட்டு வச்சேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்ல, முன்னால கட்டை இடிச்சுக்கிட்டு நிக்குது. குனிஞ்சு எடுக்கக்கூட எனக்கு அன்னிக்கு நேரமில்ல, கையில பூஜைத் தட்டு. காலால தள்ளினேன். ஒரு கட்டை வழுக்கிட்டுப் போய் சாக்கடை ஓரத்துல நின்னுச்சு, இன்னொண்ணு தூண் பக்கம் போச்சு. கட்டை இருந்த இடத்துல பழத்தை வச்சேன். வண்டியை நிறுத்தற இடத்துல உருளற சாமானை வச்சவ நான். உலகத்துல வேற எந்த மெக்கானிக் பொண்டாட்டியும் இந்த வேலையைச் செஞ்சிருக்க மாட்டா.

அப்ப உங்கப்பா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். "கடைசியா ஒரே ஒரு தடவை பார்த்துடறேன், ஏறு"ன்னார். கட்டை இருக்கான்னு அவர் குனிஞ்சு பார்க்கல. எதுக்குப் பார்க்கணும்? அது மகன் வேலை, காலையிலேயே போட்டிருப்பான்னு நம்பிக்கை. "பழம் வைக்கக் கட்டையை எடுத்துட்டேங்க"ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்னு சொன்னா அது பாதி உண்மை. திட்டுவார், மறுபடி கட்டையைப் போடச் சொல்வார், பழத்தை எடுக்கணும், நேரம் போயிடும்னு ஒரு நினைப்பு ஓடிச்சு. அந்த நினைப்போடதான் ஏறினேன். லீவர் நியூட்ரல்ல. ரெண்டு தட்டு. "கால் இருக்கு"ன்னேன். ரிவர்ஸ். ரெண்டு தட்டு. "கால் இருக்கு." டிரைவ். அப்ப வாசல்ல இருந்து வண்டிக்காரர் கையை ஆட்டி, "அக்கா, நேரம் முடியுது, சூடம் ஏத்துங்க"ன்னு கத்தறார். நான் கியரைப் பார்க்ல போட்டேன். பார்க்ல போட்டாச்சே, என்ன ஆகப் போகுதுன்னு காலை எடுத்தேன். கதவைத் திறந்தேன். இருபது வருஷம் அந்த சீட்டுல உட்கார்ந்தவளுக்கு நியூட்ரல்ல பார்க் பிடிக்காதுன்னு தெரியாதா? தெரியும்டா. தெரிஞ்சுதான் எடுத்தேன். ஹேண்ட் பிரேக் ஒரு மூச்சு வரைக்கும் பிடிச்சுது, அப்புறம் விட்டுது. பழம் நசுங்கற சத்தம் முதல்ல கேட்டுச்சு. நான் மறுபடி பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள பின் சக்கரம் உங்கப்பா கால்மேல ஏறி நின்னுடுச்சு.

நீ மாலையும் கையுமா வந்து நின்னே. அந்த வலியிலயும் உங்கப்பா உன்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "கட்டை போட்டியாடா?" நீ, "போட்டேன்பா." "எங்கடா?" நீ சக்கரத்தைப் பார்த்தே, கட்டை இல்ல. சாக்கடை ஓரத்துல கிடந்ததைப் பார்த்தே. அப்புறம் என்னைப் பார்த்தே. குமரா, அந்தப் பார்வையை நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. அம்மா, நீ பார்த்தியே, சொல்லும்மாங்கற மாதிரி இருந்துச்சு. என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்க, என் மனசு அன்னிக்குக் கல்லு. நான் சூடத் தட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

ஆஸ்பத்திரியில பெரியப்பா எல்லார் முன்னாலயும், "பையன் ஃபோனைப் பார்த்துக்கிட்டே மறந்திருப்பான், இந்தக் காலத்துப் பிள்ளைங்க"ன்னார். அப்பவாவது சொல்லியிருக்கலாம். முதல்ல ஆபரேஷன் முடியட்டும்னு நினைச்சேன். அப்புறம் அவர் நடக்கட்டும்னு நினைச்சேன். அப்புறம் நீ வேலைக்குச் சேர்ந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போயிட்டே, இனிமே எதுக்குப் பழசைக் கிளறணும்னு நினைச்சேன். ஜாயிண்ட்டுக்குக் கிரீஸ் அடிச்சா ரெண்டு வாரம் சத்தம் கேட்காது, அதுக்காகத் தேய்மானம் நின்னுடுச்சுன்னு அர்த்தமான்னு நானே எத்தனை கஸ்டமர்கிட்ட எகிறியிருக்கேன்! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குங்கறாங்க. உங்கம்மா புளுகு ஒன்பது வருஷம் ஓடியிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன், அந்தச் சோத்தையே உனக்கும் போட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வருவே, பின் படி வழியா மாடிக்கு ஏறி, சாப்பிட்டு, அதே படியில இறங்கிப் போயிடுவே. வொர்க்‌ஷாப்புக்குள்ள கால் வைக்கல. உங்கப்பா கீழே நின்னு உன் கார் சத்தம் போற வரைக்கும் கேட்பார். ஆயுத பூஜைக்கு நான் பழம் வைக்கிறதை நிறுத்திட்டேன், அக்காவுக்கு அந்த அதிர்ச்சி இன்னும் போகலன்னு ஊர்ல பரிதாபப்பட்டாங்க. அந்தப் பரிதாபத்தையும் வாங்கி வச்சுக்கிட்டேன். வெட்கமா இருக்குடா.

ஆனா நீ பொறுத்துக்கிட்டுப் போயிடுவே, என் தப்பு என்னோட செத்துப் போயிடும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் பாரு, அங்கதான் மடத்தனம். என் பொய் உனக்குள்ள போய் வேற மாதிரி வேரூன்றியிருக்கு. கட்டை வண்டியைப் பிடிக்காதுன்னு நீ நம்பறே. பிடிக்கும்! அது அன்னிக்குக் காலை முழுக்க அந்த வண்டியைப் பிடிச்சுது. நீ போட்ட கட்டை அசையல. நான் தள்ளினேன். உனக்கு வந்த சந்தேகத்துக்குப் பதில் இதுதான்: நீ போட்டே, கட்டையும் நின்னுது, ரெண்டுமே சரி. தப்பு உங்கம்மா காலோடது. அன்னிக்கு எது எது இருந்துச்சோ அதே எல்லாத்தையும் நாளைக்கு நீ மறுபடி கூட்டி வைக்கப் போறே. சரிவு, நியூட்ரல், பார்க்கை நம்பற ஒருத்தி மேலே, கட்டை இல்லாம ஒருத்தன் அடியில. ஷாலினி என்னை மாதிரி ஆகிடக் கூடாதுடா. உனக்கு ஒண்ணு ஆனா அது ஒரு பக்கம், அதைச் செஞ்சவ நான்னு அவ ஆயுசு முழுக்க முழிச்சுக்கிட்டிருப்பா பாரு, அந்த நரகம் எனக்குத் தெரியும்.

நேத்து மத்தியானம் உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தார். நின்னுக்கிட்டே சொன்னேன், உட்கார்ந்தா சொல்ல மாட்டேன்னு பயம். பிசைஞ்ச சோறு கையிலேயே நின்னுடுச்சு. "பழம் வைக்கவா எடுத்தே?"ன்னார். ஆமான்னேன். "எடுத்துட்டு எங்கிட்ட சொல்லல." சொல்லலன்னேன். கையில இருந்த சோத்தைத் தட்டுல போட்டுட்டு, "அப்ப அவன் போட்டிருந்தான்"னார். அது கேள்வி இல்ல. தட்டைத் தள்ளி வச்சிட்டு, கை கழுவிட்டு, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கிப் போனார். திட்டினா தாங்கிக்குவேன், இந்த மனுஷன் பேசாம இருக்கார். ராத்திரி சாப்பாடு வேணாம், காலையில தேத்தண்ணி வேணாம். இன்னிக்குப் பத்து மணிக்குப் படிக்கட்டுக் கீழே நின்னு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அவன் எத்தனை மணிக்கு அடியில போறான்?" சொன்னேன். கொஞ்ச நேரத்துல ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பார்த்தேன். நல்ல கெட்டி மரத்துல, சக்கரத்துக்கு அடியில சொருகற மாதிரி ஒரு பக்கம் சரிவா, நாலு கட்டை அறுத்துக்கிட்டிருந்தார். அந்தக் காலை நீட்டிப் போட்டுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு. உதவிக்குப் போனேன். வேணாம்னு கையை மட்டும் காட்டினார்.

உன் வண்டியைப் பத்தியும் சொல்லிடறேன், அப்புறம் கேட்கற நிலைமையில நாம யாரும் இருப்போமோ என்னவோ. ஷாலினி சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பினா, நாலு தடவை கேட்டேன். கியர் மாத்தறப்ப வர்ற ஒத்தை டொக் ஜாயிண்ட்தான், அது பெரிய விஷயமில்ல. ஆனா கடைசியில நீ கார் பார்க் மேட்டுல ஃபோர் வீல் போட்டு ஏத்தறியே, அங்க கடக், கடக்னு ரெண்டு தடவை குதிக்குது. அது செயின். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாரு, சாம்பலா மினுங்கினா பெட்டியைப் பிரிச்சே ஆகணும். பிரிக்காம அந்தப் பொண்ணைக் குவா மூசாங் மலை ரோட்டுக்கு அனுப்பாதே. அந்த மண் ரோட்டு இறக்கத்துல செயின் குதிச்சாலோ லீவர் தானா நியூட்ரலுக்கு நழுவினாலோ இஞ்சின் வண்டியைப் பிடிக்காது, அவ தனியா இருப்பா. அது வரைக்கும் அவ பஸ்ல போகட்டும்.

கல்யாணம் ஆகப் போற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்லணுமாமே. எனக்கு அந்தத் தகுதி இப்ப இல்ல, ஆனாலும் ஒண்ணு. உனக்கும் அவளுக்கும் நடுவுல யார் எதை எடுத்தாலும், எடுத்த உடனே வாயைத் திறந்து சொல்லிடுங்க. திட்டு விழும். விழட்டும். அந்தத் திட்டு அரை மணி நேரம். நான் அன்னிக்கு அரை மணி நேரத் திட்டுக்குப் பயந்தேன். அதுக்கு உங்கப்பா ஒரு காலையும், நான் ஒரு மகனையும் கொடுத்தோம்.

என்னை மன்னிச்சுடுன்னு எழுதலாமான்னு ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதல. அதை நீ கொடுக்கறப்ப கொடு, கொடுக்காம விட்டாலும் நான் கேட்க மாட்டேன். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அண்ணே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாலயும் சொன்னீங்க, இன்னிக்கு இந்தக் குழுவுல எல்லார் முன்னாலயும் அவன்கிட்ட ஒரு வார்த்தை எழுதுங்க.

நீ வொர்க்‌ஷாப்புக்கு வர மாட்டே. அதனால நாங்க வர்றோம். நாளைக்கு ஒன்பதரைக்கு உன் கார் பார்க்ல இருப்போம். உங்கப்பா சாமானை வேன்ல ஏத்தியாச்சு, நாலு கட்டையும் முன் சீட்டுல அவர் உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறேன்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. நான் பின்னால ஏறி உட்கார்ந்துக்குவேன். நாங்க வர்ற வரைக்கும் நீ அந்த வண்டியைத் தொடாதே. ஷாலினி சீட்டுல உட்காரட்டும், 'கால் இருக்கு'ன்னு சொல்ல நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். நீயே உன் கையால கட்டையைப் போடு, உன் காலால எத்திப் பாரு. நான் அந்தக் கட்டைக்குப் பக்கத்துல நிப்பேன், சாமியே வந்து பழம் வைக்கணும்னாலும் தொட விட மாட்டேன். அடியில போறதுக்கு முன்னால உங்கப்பா கேட்பார், பழக்கம், கேட்காம இருக்க மாட்டார்: "கட்டை போட்டியாடா?" நீ வாயைத் திறக்க வேணாம் குமரா. இந்தத் தடவை நான் சொல்றேன். போட்டான்ங்க. நான் பார்த்தேன். அன்னிக்கும் போட்டான்.

அம்மா